ஏழு சிவப்புத் துணி

"சிவப்புத் துணி கட்டிட்டு வந்தேனே, அந்தச் செடிங்க என்னாச்சு?"

மனைவி போனில் இப்படிக் கேட்டபோது சம்மட்டி சமையலறை ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செடிகள் இருந்த இடத்தில் ஏழு குழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் முழங்கால் ஆழம். வேலை சுத்தம்.

"எந்தச் செடி?" என்றார், கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று.

"மஞ்சப் பூ பூக்குமே. தரையோட படருமே. ஏழு இடத்துல கட்டினேன். கிளம்புறப்ப அவ்வளவு சொன்னேன், தலையை ஆட்டினீங்களே!"

ஆட்டியது உண்மைதான். அவள் கிளம்பிய காலையில் அவர் வண்டிக் கூரைமேல் நின்று பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. நாற்பது நாள் துணைக்குப் போகிறவள் நாலு வருஷத்துக்கு மூட்டை கட்டியிருந்தாள். கீழே நின்று தோட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இவருடைய பல்லில் கயிற்றின் முனை இருந்தது. பல்லில் கயிறு உள்ளவன் தலையைத்தான் ஆட்ட முடியும்.

"ஓ, அதுங்களா? அப்படியே இருக்கு."

"அப்படியேவா?"

"அப்படியே. ஒரு இலை கீழ விழல. நீ போட்ட முடிச்சு கூட அவிழல."

மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. "சரி. முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு உங்களைத் தெரியாதா," என்றாள். பின்னால் குழந்தை வீறிட்டது. பேச்சு அதோடு நின்றது.

நிம்மதிப் பெருமூச்சு என்று சம்மட்டி முடிவு செய்தார். 

சம்மட்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கட்டடம் இடிக்கும் வேலையில் கூட நின்றவர்கள் வைத்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் பள்ளிக்கூடம் இடித்திருக்கிறார், சினிமாக் கொட்டகை இடித்திருக்கிறார், ஒரு சிறைச்சாலையைக்கூட வெளியே இருந்தபடியே இடித்திருக்கிறார். கட்டியது என்று காட்ட ஒரு கோழிக்கூண்டு கிடையாது. அந்தத் தொழிலுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. முதல்நாள் சூப்பர்வைசர் வந்து, போக வேண்டியதற்கெல்லாம் சிவப்பு அடையாளம் வைத்துவிட்டுப் போவார். தூணோ, சுவரோ, ஜன்னலோ, சிவப்பு இருந்தால் சாயங்காலத்துக்குள் அது தரையில் கிடக்க வேண்டும். ஏன் என்று கேட்கிறவனுக்கு மறுநாள் வேலை இல்லை. அடையாளம் துணியாக இருந்தால் அதை அவிழ்த்து வைத்திருந்து, கடைசியில் எண்ணி ஒப்படைக்க வேண்டும். பத்து துணி கட்டினேன், பத்தும் திரும்பி வந்தது, வீட்டுக்குப் போ.

ஆகவே மனைவி போன மூன்றாம் நாள் தோட்டத்தில் ஏழு சிவப்புத் துணியைக் கண்டபோது சம்மட்டி தன் மூளையைத் தொந்தரவு செய்யவில்லை. கை தானாகக் கடப்பாரையைத் தேடிப் போயிற்று. மத்தியானத்துக்குள் ஏழையும் வேரோடு கிளப்பினார். பழைய லாரிக்காரனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினார். துணிகளை மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அவள் வந்ததும் எண்ணிக் கொடுக்கலாம் என்று அலமாரியில் வைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பு வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

மறுநாள்தான் இந்தப் போன்.

சிவப்பு அவரைக் கவிழ்ப்பது இது முதல் தடவை அல்ல. இருபது வருஷம் முன்னால் ஒரு பழைய குடியிருப்பை இடிக்கப் போன இடத்தில், ஒரு சுவரில் மூன்று சிவப்புக் கோடுகள் இருந்தன. சம்மட்டி ஓங்கி ஒன்று வைத்தார். சுவர் உள்பக்கம் போய் விழுந்தது. அது அடுத்த வீட்டுக் குளியலறை. தலை நிறைய சோப்பு நுரையோடு ஒரு வங்கி குமாஸ்தா நின்றுகொண்டிருந்தார். கோடுகள், தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட வரைந்த ஸ்டம்ப். குமாஸ்தா வாளியால் மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டு, "தட்டிட்டு வரக் கூடாதாய்யா?" என்று கேட்டாராம். "தட்டித்தானே வந்தேன்," என்று சம்மட்டி சொன்னாராம்.

இந்தக் கதையை மனைவி சொல்லாத விசேஷ வீடு இல்லை. "இவருக்குச் சிவப்பைக் கண்டா கண்ணு தெரியாது, கைதான் தெரியும்," என்று முடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வது, சுவர் விழுந்தது விழுந்ததுதான்.

அந்த வீட்டில் அவர் கை படாமல் முழுசாக இருந்தது தோட்டம் ஒன்றுதான். பின்பக்கம் முழுக்க, என்றைக்காவது உதவும் என்று அவர் கொண்டுவந்து கொட்டிய செங்கல் துண்டு. அதை அவள் பதினோரு வருஷம் கையால் பொறுக்கி எறிந்து, மண் கொட்டி, ரோஜாவும் செம்பருத்தியும் சாமந்தியும் வளர்த்தாள். திரும்பி வரும்போது மகளும் பேரனும் கூட வருகிறார்கள். அந்தப் பூக்களுக்கு நடுவே பேரனை வைத்து முதல் படம் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "உங்க கையில ஒரு பொருள் முழுசா இருந்து நான் பாத்ததில்ல. இந்தத் தோட்டத்தையாவது முழுசாத் திருப்பிக் குடுங்க," என்றாள் கிளம்பும்போது. அவள் பேசியதில் வண்டிக் கூரைவரை ஏறி வந்தது இது மட்டும்தான்.

சம்மட்டி லாரிக்காரனுக்குப் போன் போட்டார்.

"டேய், நேத்து ஏத்தினேனே, அதைத் திருப்பிக் கொண்டு வா."

"எதை, குப்பையையா?"

"குப்பைன்னு சொல்லாதே. செடி."

"நேத்து நீதானடா குப்பைன்னு சொன்னே."

"நேத்து வாய் தவறிடுச்சு. எங்க இருக்கு?"

"பள்ளத்துல. மேல ஒரு வீட்டைக் கொட்டியாச்சு. மூணு மாடி."

சம்மட்டி கொஞ்சம் யோசித்தார். "பெரிய பெரிய துண்டா, பொடியா?"

"பொண்டாட்டிக்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு நிம்மதியா இருடா," என்று லாரிக்காரன் வைத்துவிட்டான்.

உண்மையைச் சொல்லலாம் என்ற எண்ணம் சம்மட்டிக்கும் வந்தது. வந்து, உட்காராமலே போய்விட்டது.

அப்புறம்தான் தள்ளுவண்டியைப் பார்த்தார். சக்கரத்தின் அச்சில் ஒரு கொடித்துண்டு சுற்றிக்கிடந்தது. விரல் நீளம். இரண்டு இலை, வாடிப்போன ஒரு மஞ்சள் பூ. மூன்று மாடி வீடு இடிந்து, உள்ளேயிருந்து உயிரோடு ஒரு ஆளைத் தூக்கியது போல அதை இரண்டு கையாலும் தூக்கினார். நடுவதற்கு ஒரு தொட்டி அகப்படவில்லை. மனைவியின் பெரிய குக்கரில் மண்ணை நிரப்பி நட்டார்.

நாலு நாள் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டது. பத்தாம் நாள் குக்கரை விட்டு வெளியே இறங்கி அடுப்பு மேடையில் நடந்தது. அதை ஏழு துண்டாக வெட்டி, ஏழு குழியில் நட்டு, டப்பாவிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் கட்டினார். இனி பழுதில்லை. ஆனால் பார்த்தால் சின்னதாகத் தெரிந்தது. அவள் விட்டுப்போனது தட்டு அகலம். இது தீப்பெட்டி அகலம்.

விதைக்கடைக்குப் போனார்.

"உரம் வேணும். இருக்கிறதுலயே பலமானது."

"என்ன செடிக்கு?"

"மஞ்சப் பூ."

"பேரு?"

"பேரு தெரிஞ்சா நான் ஏன்யா உங்க கடையில நின்னு முழிக்கிறேன்?"

கடைக்காரர் அவர் கையைப் பார்த்தார். காய்த்துத் தடித்த கை. "ஒரு கரண்டிதான் போடணும்," என்று சொல்லி ஒரு மூட்டையைக் கொடுத்தார். கரண்டி என்பதை சம்மட்டி சிமென்ட் வேலைக் கரண்டி என்று எடுத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒரு தொந்தரவு. அவளுடைய தையல் மிஷின் இருக்கும் ஜன்னல் நேராக இவர் தோட்டத்தைப் பார்க்கும். மனைவிக்கு அவள் தங்கை மாதிரி. இங்கே ஒரு இலை அசைந்தால் அங்கே போன் அடிக்கும். செடி பிடுங்கினபோது அவள் ஊரில் இல்லை. திரும்பி வந்த அன்றே சம்மட்டி இதற்குத் தொழில்முறையில் ஒரு வழி கண்டார். தோட்டத்தின் நாலு மூலையிலும் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் நீலத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டி மறைத்தார். 'வேலை நடக்கிறது' என்ற பழைய பலகை ஒன்று இருந்தது. அதையும் மாட்டினார்.

"என்ன அண்ணே, அக்கா சொல்லிட்டுப் போன வேலை பலமா நடக்குது போல?" என்று தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நடந்துட்டிருக்கு."

"அக்கா வந்தா அசந்து போயிடுவாங்க."

"அதுக்குத்தானே இந்தப் பாடு," என்றார் சம்மட்டி.

உரம் வேலை செய்தது. செடி வளர்ந்ததா, ஓடியதா என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் செருப்பை விட்ட இடத்தில் சாயங்காலம் தேட வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க, அவர் தொட்ட எல்லாம் சிறிதாகித்தான் போயிருக்கிறது. தொட்டது பெரிதாவதை முதல் தடவையாகப் பார்த்தார். அதில் ஒரு போதை இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. "ஏய் மகாராணி, மெதுவாப் போம்மா," என்று அதோடு பேச ஆரம்பித்தார். ஆறு மகாராணிகள் கேட்டுக்கொண்டு பாய்ந்தன. ஏழாவது மட்டும் சோர்ந்து கிடந்தது.

செம்பருத்தியின் நிழல்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். செம்பருத்தியில் துணி இல்லை. கிளையை லேசாகக் கழிக்கலாம் என்றுதான் நாற்காலிமேல் ஏறினார். கை பழகிய கை. இறங்கிப் பார்த்தபோது செம்பருத்தி முழங்கால் உயரத்தில் ஒரு கட்டையாக நின்றது. வெயில் நன்றாக வந்தது.

அடுத்து ரோஜா. பக்கத்தில் நின்றுகொண்டு மகாராணியின் உரத்தையெல்லாம் உறிஞ்சுகிறது என்று அவருக்குப் பட்டது. ரோஜாவிலும் துணி இல்லை. ஆனால் வெட்ட மனம் வரவில்லை. பத்துச் செடியையும் மண்ணோடு தோண்டிச் சாக்கில் வைத்து, தையல்காரி வீட்டுக்குத் தூக்கிப் போனார்.

"ரோஜாவையா குடுக்கறீங்க?" அவள் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "அக்காகிட்ட கேட்டீங்களா?"

"எல்லாம் அவ சொன்னபடிதான்மா நடக்குது. அங்க இடம் பத்தல."

"இடம் பத்தலியா? பிடுங்க வேண்டியதைப் பிடுங்கினா இடம்தான் நிறைய வருமே?"

"வேலை பெருசாயிடுச்சு," என்றார் சம்மட்டி. அதில் பொய் இல்லை.

சாமந்திக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் மகாராணியைத் தூக்கி அடியில் பார்த்தார். சாமந்தி, விழுந்த கூரைக்கு அடியில் அகப்பட்டவர்கள் மாதிரி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தது. மெதுவாகப் போர்வையை மறுபடி மூடிவிட்டார்.

முப்பதாம் நாள் மனைவி போன் செய்தாள்.

"அந்தச் செடிங்க இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"நீ கட்டினது கட்டினபடி."

"முடியலன்னா விட்டுடுங்க. இடுப்பு பிடிச்சுக்கும். நான் வந்து ஆள் வச்சுப் பாத்துக்கறேன்."

சம்மட்டிக்குச் சுரீர் என்றது. "ஆளா? எனக்கு ஆளா? சிறைச்சாலையைப் பாத்தவன்டி நான். ஏழு செடியைப் பாத்துக்க மாட்டேனா?"

"சொன்னீங்களே தவிர ஒண்ணும் நடக்கக் காணோமே."

"வந்து பாரு. பாத்துட்டுப் பேசு."

போனை வைத்துவிட்டு மீதி உரத்தையும் கொட்டினார்.

முப்பத்தாறாம் நாள் மகாராணி தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து மதிலேறிக் குதித்துவிட்டாள்.

"அண்ணே! உங்க பக்கத்துலேர்ந்து என்னமோ கொடி வந்து என் துணி காயப்போடுற கம்பியைப் பிடிச்சுத் தொங்குது!"

"பிடுங்கிடாதேம்மா!" சம்மட்டி பதறிக்கொண்டு ஓடினார். "கை வைக்காதே. நானே வந்து வேரோட எடுத்துக்கறேன்."

அவர் மண்டியிட்டு, ஒரு கணுகூட விடாமல், மண்ணைத் தடவித் தடவி எடுப்பதைத் தையல்காரி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "அக்கா சொன்னது சரிதான் அண்ணே. எடுத்துக்கிட்ட வேலையை நீங்க விடவே மாட்டீங்க."

சம்மட்டி மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தார். தன்னைப் பற்றி மனைவி வெளியே இப்படியெல்லாமா சொல்கிறாள்? எடுத்த கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தண்ணீர்த் தொட்டி ஓரம் காலியாக இருந்த ஒரே ஒரு முழம் தரையிலும் நட்டார்.

நாற்பதாம் நாள் வண்டி வந்தது. மகள் இறங்கினாள், அவள் தோளில் பேரன். பேரன் தாத்தாவைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். மனைவி பெட்டியைக்கூட இறக்காமல் நேராகப் பின்பக்கம் நடந்தாள். சம்மட்டி முன்னால் ஓடி, கயிற்றைப் பிடித்து, தார்ப்பாயை ஒரே இழுப்பில் கீழே விட்டார்.

மதிலிலிருந்து மதில்வரை மஞ்சள். தரை இல்லை, வரப்பு இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் மஞ்சள், துணி துவைக்கும் கல் மேல் மஞ்சள். செம்பருத்திக் கட்டையின் தலையில் ஒரு மஞ்சள் பூ. நடுநடுவே ஏழு சிவப்புத் துணி காற்றில் ஆடியது.

மனைவி கொடியைக் காலால் விலக்கித் தரையைத் தேடினாள்.

"ரோஜா?" என்றாள் கடைசியில்.

"பத்திரமா இருக்கு. தையல்காரி வீட்டுல."

"சாமந்தி?"

"அதுல துணி இல்லியே," என்றார் சம்மட்டி.

அவள் துவைக்கும் கல்லைக் கொடிக்குள் கையால் துழாவிக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சம்மட்டிக்கு இனி ஒளிக்கத் தோன்றவில்லை. இத்தனை அழகைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, இனி உண்மையைச் சொல்வதில் என்ன நஷ்டம்?

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டாதே. நீ போன மூணாம் நாளே ஏழையும் நான் பிடுங்கிட்டேன்."

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். "பிடுங்கிட்டீங்களா?"

"ஒண்ணு விடாம."

"வேரோடவா?"

"வேரோட. முழங்கால் ஆழம் தோண்டி. லாரியில ஏத்தி ஊருக்கு வெளிய அனுப்பிட்டேன். அப்புறம் நீ போன் பண்ணே. எனக்கு உயிரே போயிடுச்சு. ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை உன் குக்கர்ல வச்சு, பக்கத்துலயே கிடந்து, பிள்ளை மாதிரி வளர்த்தேன். ஏழு குடுத்தே, எழுநூறாத் திருப்பிக் குடுக்கறேன். எண்ணிக்கோ."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. முப்பத்தைந்து வருஷத்தில் தனக்காக அவள் இப்படி உருகி சம்மட்டி பார்த்ததில்லை. அவர் கண்ணும் கலங்கியது. பக்கத்தில் போய் நின்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "சரி விடு, சரி விடு. நான் ஒருத்தன் இருக்கேன்ல."

தார்ப்பாய் விழுந்த சத்தம் கேட்டு, தையல்காரி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். தோட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"வந்துட்டீங்களா அக்கா? 'எங்க வீட்டுக்காரருக்குக் களை எது, செடி எதுன்னு தெரியாது, ஆனா சிவப்பு கட்டினா நிச்சயம் பிடுங்கி எறிஞ்சிடுவாரு'ன்னு அன்னிக்கு அரை முழம் துணி வாங்கிட்டுப் போனீங்களே, இப்ப ஒரு முப்பது முழம் கிழிக்கட்டுமா?"